வழிபாட்டு நேரத்தில் ஆய்வகக் கதவு

என் பெயரையும் வீட்டு முகவரியையும் காவல் நிலைய விசாரணை அலுவலர் முதலிலேயே கேட்டு எழுதிக்கொண்டார். வயது நாற்பத்தெட்டு. மேல்நிலை வகுப்புகளுக்கு வேதியியல் ஆசிரியையாக இருக்கிறேன். நான் வேலை பார்க்கும் பெண்கள் பள்ளியை ஒரு மத அறக்கட்டளை நடத்துகிறது. ஆசிரியர்களின் சம்பளம் அரசிடமிருந்து வருகிறது.

எங்கள் பள்ளியில் காலையில் முதல் பாடவேளைக்கு முன்பு மண்டபத்தில் வழிபாடு நடக்கும். மாணவிகளும் ஆசிரியர்களும் தவறாமல் நிற்க வேண்டும். வழிபாடு தொடங்கிவிட்டால் முடிவு வாழ்த்து சொல்லும்வரை யாரும் தலையைத் திருப்பிப் பார்க்கக் கூடாது என்பது அங்குள்ள வழக்கம். புதிதாகச் சேரும் பிள்ளைக்கு முதலில் சொல்லித்தருவது இதைத்தான். இருமல் வந்தாலும் முன்னால் பார்த்தபடியே இரும வேண்டும்.

சம்பந்தப்பட்ட மாணவி இறுதி ஆண்டில் அறிவியல் பிரிவில் படிக்கிறாள். அவளுடைய தாயார் சலவை நிலையத்தில் இஸ்திரி போடுகிறார். தகப்பனார் சென்ற ஆண்டு இறந்தபோது, அவர் வேறு மதத்தில் பிறந்தவர் என்பதால், இதே அறக்கட்டளையின் வழிபாட்டுத் தலத்தில் இறுதிச் சடங்கு செய்ய மறுத்துவிட்டார்கள். அதன் பிறகு தன் மகள் வழிபாட்டில் நிற்க மாட்டாள் என்று தாயார் தலைமையாசிரியையிடம் எழுதிக் கொடுத்தார். அரசு உதவி பெறும் பள்ளியில் எந்தப் பிள்ளையையும் வழிபாட்டுக்குக் கட்டாயப்படுத்தச் சட்டம் அனுமதிக்கவில்லை என்று அவருக்குச் சொன்னது நான்தான். கேட்டார், சொன்னேன்.

நிர்வாகம் மறுக்கவில்லை. பள்ளியைத் தங்கள் நம்பிக்கைப்படி நடத்தும் உரிமை தங்களுக்கு இருக்கிறது, விலகி நிற்கும் உரிமை பிள்ளைக்கு இருக்கிறது, இரண்டையும் காப்பாற்றுவோம் என்று தாளாளர் ஆசிரியர் கூட்டத்தில் சொன்னார். அதன்படி வழிபாட்டு நேரத்தில் மாணவியை மண்டபத்தை ஒட்டிய வேதியியல் ஆய்வகத்தில் உட்காரவைத்து, வெளியே தாழ்ப்பாள் போட ஏற்பாடு செய்தார்கள். தாழ்ப்பாள் இதற்கென்றே தச்சரை வரவழைத்துப் புதிதாகப் பொருத்தப்பட்டது. எதற்கு என்று கேட்டேன். "அவ வராண்டாவுல சுத்துனா மத்ததுங்களுக்கும் கால் ஊறும் டீச்சர். அப்புறம் பாதி மண்டபம் காலியாயிடும்" என்றார் தலைமையாசிரியை. ஜன்னல்களையும் மூடச் சொன்னார். பாட்டு காதில் விழுந்தால் கேட்கக் கட்டாயப்படுத்தியதாக ஆகிவிடுமாம். அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. சட்டத்தை அதைவிட ஒழுங்காகக் கடைப்பிடிக்க முடியாது என்றே நினைத்தார். உள்ளே தீப்பிடித்தால் என்ன செய்வது என்று கேட்டேன். "வாயில நல்ல வார்த்தையே வராதா உங்களுக்கு?" என்றார்.

மற்ற மாணவிகள் அவளுக்கு 'சீமாட்டி' என்று பெயர் வைத்தார்கள். "உனக்கென்னடி சீமாட்டி, நாங்க கால் கடுக்க நிக்கிறோம், நீ ஸ்டூல் போட்டு உக்காந்திருக்க" என்று ஒருத்தி சொன்னதையும், "வேணும்னா நீ வாடி, அமோனியா வாசம் இலவசம்" என்று இவள் பதில் சொன்னதையும் நான் கேட்டிருக்கிறேன்.

சம்பவம் நடந்த செவ்வாய்க்கிழமை அறக்கட்டளையின் மூத்த குரு வந்திருந்ததால் வழிபாடு வழக்கத்தைவிட நீண்டது. நான் ஆய்வகத்தை ஒட்டிய சுவர் அருகே கடைசி வரிசையில் நின்றேன். முதலில் ஒலிபெருக்கியின் இரைச்சல் என்று நினைத்தேன். அதன் பிறகு ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் நடுவில் கதவைத் தட்டும் சத்தம் தெளிவாகக் கேட்டது. மண்டபத்தில் எல்லோருக்கும் கேட்டது என்று என்னால் சொல்ல முடியும், ஏனென்றால் எனக்கு முன்னால் நின்ற பிள்ளைகளின் கழுத்துகள் விறைத்தன. ஒருவரும் திரும்பவில்லை. பாட்டு ஆசிரியை அடுத்த பாட்டை உடனே எடுத்துவிட்டார்.

அதன் பிறகு நான் வரிசையை விட்டு வெளியே வந்தேன். ஆய்வக வாசலில் பள்ளி ஆயா காவலுக்கு நின்றிருந்தார். "முடியட்டும் டீச்சர், என் பொழப்பு போயிடும்" என்றார், அழுதுகொண்டிருந்தார். தாழ்ப்பாள் புதியது என்பதால் இறுகியிருந்தது. செருப்பைக் கழற்றி அடித்துத்தான் திறந்தேன். மாணவி கதவோரத்தில் தரையில் கிடந்தாள். உதடு நீலமாக இருந்தது. அவளுக்கு ஆஸ்துமா இழுப்பு உண்டு. மூச்சில் இழுக்கும் மருந்துக் குழல் வகுப்பில் பைக்குள் இருந்தது. ஆய்வகத்துக்குள் பை கொண்டுபோகக் கூடாது என்பது பள்ளி விதி. நானும் ஆயாவும் அவளைத் தூக்கிக்கொண்டு வராண்டா வழியாகப் போனபோது மண்டபத்தில் முடிவு வாழ்த்து நடந்துகொண்டிருந்தது. அதன் பிறகு மருத்துவமனையில் சேர்த்தோம். பிழைத்துக்கொண்டாள். மருத்துவமனையிலிருந்துதான் காவல் நிலையத்துக்குத் தகவல் சென்றது. பிறகு தாயாரும் அங்கே புகார் கொடுத்தார்.

அலுவலர் பள்ளிக்கு வந்து பார்த்தபோது கதவில் தாழ்ப்பாள் இல்லை. திருகாணி இருந்த ஓட்டைகளை மக்குப் பசை வைத்து அடைத்து, மேலே வண்ணம் பூசியிருந்தார்கள். அந்த இடம் மட்டும் கொஞ்சம் வெளிறித் தெரிந்தது. "கதவு சாத்தியிருந்துச்சுன்னு சொல்லுங்க, போதும். அது பொய் இல்லையே டீச்சர்" என்று தலைமையாசிரியை என்னிடம் கேட்டுக்கொண்டார்.

அதன் பிறகு தாயாரைத் தாளாளர் அறைக்கு அழைத்தார்கள். நானும் இருந்தேன். "உங்க உரிமையை நாங்க மறுக்கவே இல்லம்மா. ஆனா தனியா வெச்சா பிள்ளைக்கு இழுப்பு வருது. நாளைக்கு ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது? ஒண்ணு மண்டபத்துக்கு வரட்டும், இல்ல வேற பள்ளிக்கூடம் பாத்துக்குங்க" என்றார் தாளாளர். "ஜன்னலைத் திறந்து வெச்சு, கதவைச் சும்மா விட்டா போதுமே ஐயா" என்றார் தாயார். தாளாளர் முன்பு சொன்னதையே மறுபடியும் சொன்னார். செய்முறைத் தேர்வுக்கு அவள் பெயர் எங்கள் பள்ளியில் பதிவாகியிருக்கிறது. பக்கத்தில் பெண் பிள்ளைகளுக்கு அறிவியல் பிரிவு உள்ள பள்ளி வேறு கிடையாது. நான் விசாரித்த வழக்கறிஞர், வழக்குப் போட்டால் நிச்சயம் ஜெயிக்கலாம், தீர்ப்பு வரும்போது பெண்ணுக்குக் கல்யாணமே ஆகியிருக்கும் என்று சிரித்தார். தாயார் தான் கொடுத்த விலக்குக் கடிதத்தையும் புகாரையும் திரும்பப் பெற்றுக்கொண்டார். கையெழுத்துப் போட்டு முடித்ததும், மேசை விரிப்பில் இருந்த மடிப்பை உள்ளங்கையால் இரண்டு முறை நீவிவிட்டு எழுந்தார்.

இந்த வாரம் முதல் மாணவி வழிபாட்டுக்கு வருகிறாள். காற்று வரட்டும் என்று அவளை ஜன்னல் பக்கம் நிறுத்தும்படி தலைமையாசிரியை சொல்லியிருக்கிறார். முதல் நாள் மண்டப வாசலில் என்னிடம் வந்து, "மிஸ், வாயை மட்டும் அசைச்சா போதும்ல?" என்று கேட்டாள். போதும் என்றேன். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து நானும் அதைத்தான் செய்கிறேன் என்பதை அவளிடம் சொல்லவில்லை.

மருத்துவமனைத் தகவலின் பேரில் நடக்கும் இந்த விசாரணைக்காக எழுதியதை அலுவலர் எனக்கு வாசித்துக் காட்டினார். கதவு சாத்தப்பட்டிருந்தது என்று இருந்த வரியை, வெளியிலிருந்து தாழிடப்பட்டிருந்தது என்று திருத்தச் சொன்னேன். திருத்தத்தின் ஓரத்தில் என் சுருக்கொப்பம் உள்ளது. மற்றவை நான் கண்டதும் கேட்டதும். கூட்டியோ குறைத்தோ எதுவும் சொல்லவில்லை.

(ஒப்பம்)
வேதியியல் ஆசிரியை