பதில் வராவிட்டால் மோட்டார் ஓடலாமா?

தலைவர் நாற்காலியில் தளராமல் வீற்றிருக்கும் சாமிநாதன் அவர்களே, வெயில் பாராமல் வந்திருக்கும் பெரியோர்களே, என் பேச்சை நம்பாமல் பந்தல் நிழலை நம்பி வந்திருக்கும் தாய்மார்களே, பாகூர்ச் சீமையின் பாசன நண்பர்களே, பச்சையப்பனின் பணிவான வணக்கம்!

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு விடுதலை கொடுத்தவன் நான். என்னைப் போய்க் கணினியைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். சிரிக்காதீர்கள்; சிரித்தால் இன்னும் நீட்டுவேன்.

நம் அபிஷேகப்பாக்கம் பொதுப் போர்வெல் மோட்டாரின் சாவி பதினோரு வருடம் என் இடுப்பில் இருந்தது. யாருக்குத் தண்ணீர், எப்போது தண்ணீர், எல்லாம் என் வாய்தான். போன ஆண்டு அதை மாற்றினோம். யாருக்கு எந்த நாள், எந்தப் பயிருக்கு முதலிடம் என்ற விதிகளை எல்லாம் புதுச்சேரியில் ஒரு கணினியில் ஏற்றினோம். அதற்குப் பெயர் பாலிசி இன்ஜின். கரி கேட்காது, டீசல் கேட்காது. நாம் கேட்டால் ‘ஆம்’ என்னும், இல்லையேல் ‘இல்லை’ என்னும். ஆனால் அதனிடம் கேட்க ஒரே ஜன்னல்தான், ஏபிஐ என்பார்கள். மோட்டார் கொட்டகையில் தொங்கும் சின்னப் பெட்டிக்கு அந்த ஜன்னலில் பேசத் தெரியுமா? விலைக்கு வாங்கிய பெரிய புரோகிராம் பெட்டிக்குள் நுழையவே இல்லை.

வந்தாள் மரியதாஸ் மகள் சுவேதா! ஒரு போட்டோ அளவுகூட இல்லாத குட்டி லைப்ரரி எழுதினாள். லைப்ரரி என்றதும் நான் அலமாரியைத் தேடினேன். அதுவும் ஒரு சின்ன புரோகிராம்தானாம். பெட்டியில் நம் நம்பரை அழுத்தினால், யார், எந்த மோட்டார், என்ன வேண்டும் என்று மூன்றே சேதியைக் கொண்டு போகும். பதிலை அப்படியே கொண்டு வரும். கூட்டாது, குறைக்காது. சம்பந்தம் பேசப் போகிற நம் ஆட்களுக்கு அந்த ஒழுங்கு உண்டா?

எழுதும்போது என்னிடம் ஒன்று கேட்டாள். “மாமா, லைன் இல்லாம பதிலே வரலன்னா பெட்டி இன்னா செய்யணும்?”

நான் அறிவாளி அல்லவா? “பேசாம இருந்தா சம்மதம்னு அர்த்தம்மா. மோட்டார ஓடவுடு” என்றேன். அப்படியே எழுதிவிட்டாள்.

பங்குனியில் தவளக்குப்பம் சாலையில் பள்ளம் தோண்டியவர்கள் இன்டர்நெட் கேபிளை வெட்டிவிட்டார்கள். கேள்வி போனது, பதில் வரவில்லை. யார் அழுத்தினாலும் மோட்டார் ஓடியது! முதலில் அழுத்தியவன் யார்? பின்வரிசையில் சிரிக்கிறாரே, அவருக்குத் தெரியும். நான்தான்! மேல்மடைக்காரர்கள் வயலை நிரப்பிக்கொண்டோம். அன்றைய முறை யாருடையது? கடைமடையில் முக்கால் காணி குத்தகைக்குப் பயிரிட்ட தனக்கொடியுடையது. கதிர் பால் பிடிக்கும் நேரம். வாய்க்காலோ காய்ந்து கிடந்தது. இன்னும் ஒரு நாள் போனால் அத்தனையும் பதர்.

கொட்டகைக்கு வந்தாள். கத்தவில்லை. நான் சுவேதாவுக்குச் சொன்ன யோசனையைப் பெருமையாக எடுத்துவிட்டேன். கேட்டுவிட்டு மெல்லச் சொன்னாள்:

“ஏண்ணே, சாவி உங்க இடுப்புல இருந்தப்ப எத்தினி நாளு வந்து தண்ணி கேட்டிருப்பேன். ஒண்ணும் சொல்லாம பூடுவீங்க. அன்னிக்கெல்லாம் நானே மோட்டார போட்டிருக்கலாமா?”

நான் பேசாமல் போனால் அவளுக்கு அது ‘இல்லை’. இன்ஜின் பேசாமல் போனால் எனக்கு அது ‘ஆம்’. எந்த ஊர் நியாயம் இது?

சுவேதாவுக்கு நானே போன் போட்டேன். வந்தாள், இரண்டு வரி மாற்றினாள். இனிப் பதில் வராவிட்டால் மோட்டார் ஓடாது. வரும்வரை திரும்பத் திரும்பக் கேட்கும். மதியத்துக்கு மேல் கேபிளை ஒட்டினார்கள். நான் என் நம்பரை அழுத்திப் பார்த்தேன்: சிவப்பு விளக்கு. தனக்கொடி அழுத்தினாள்: பச்சை. பொழுது சாய்வதற்குள் கடைமடை நனைந்தது. சித்திரையில் நெல்லும் வீடு வந்து சேர்ந்தது.

பெரியோர்களே! கேள்வியைச் சுமந்து போகிறவன் பதிலைத் தானே சொல்லலாமா? விதி இருக்கும் இடத்தில் கேட்க வேண்டும். வந்த விடையை விழுங்காமல் சொல்ல வேண்டும். விடை வராவிட்டால் விலகி நிற்க வேண்டும். அந்தக் குட்டி லைப்ரரிக்கு இரண்டு வரியில் வந்த புத்தி எனக்கு வரப் பதினோரு வருடம் ஆயிற்று!

சுவேதாவுக்குச் சால்வை போர்த்தத் தனக்கொடியை மேடைக்கு அழைக்கிறேன். வா அம்மா. என்ன, பேசாமல் குனிந்துகொண்டாய்? அதைச் சம்மதம் என்று நான் எடுத்துக்கொள்ள மாட்டேன். வாயால் சொல், காத்திருக்கிறேன்.

கேட்டீர்களா? ‘வரேண்ணே’ என்கிறாள்! அந்த ஒரு சொல்லுக்காக என்னோடு காத்திருந்த உங்கள் அனைவருக்கும் நன்றி, வணக்கம்.