துரை கையில் வாளி

"நாய் ஒண்ணுக்குப் போனா உடனே ஒரு வாளித் தண்ணி ஊத்தணும் மதினி. ஒரு மாசமா எனக்கு அதான் வேலை."

சூரியநெல்லியில் பஸ் கிளம்பியதும் எனக்கு முன் சீட்டிலிருந்து இப்படிக் கேட்டது. பேசியவர் தேயிலை எஸ்டேட்டை நடத்தும் துரையின் பங்களாவில் தோட்டக்காரர். பக்கத்தில் அவருடைய அண்ணன் மனைவி, கல்யாணத்துக்குப் போகிற பட்டுச்சேலையில்.

"எதுக்குத் தம்பி?"

"இல்லன்னா புல்லு கருகிரும். பொட்ட நாயி, புல்லு மேலயே குத்த வச்சிரும். பங்களா முன்னாடி தோசை தோசையாக் கருகிக் கெடந்துச்சு. நான் யூரியாவக் கொட்டிட்டேன்னு தொரை என்னையத் தேயிலைக் காட்டுக்குக் களை வெட்ட அனுப்பப் பாத்தாரு."

"நாயின்னு சொல்ல வேண்டியதுதான?"

"புள்ள மாதிரி வளக்குறவருகிட்ட எப்பிடிச் சொல்ல? பின்னாடியே போயித் தண்ணி ஊத்திக் காட்டுனேன். ஊத்துன எடம் பச்சையாவே நின்னுச்சு. அப்புறந்தான் நம்புனாரு."

"பொறகென்ன?"

"இப்ப நான் வாளியோட பக்கத்துல நின்னாத்தான் அது உக்காருது."

"இன்னைக்கு?"

"தொரை கையில வாளியக் குடுத்துட்டு வந்துருக்கேன்."

பஸ் வளைவில் திரும்பியது. கீழே பங்களாப் புல்தரையில், அரை டவுசர் போட்ட துரை வாளியோடு நின்றார். நாய் அவரைச் சட்டை செய்யாமல் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தது. தோட்டக்காரர் சட்டென்று குனிந்து ஜன்னலுக்குக் கீழே தலையை மறைத்துக்கொண்டார்.

"ஏன், லீவு சொல்லாம வந்துட்டியா?"

"தொரைக்குத் தெரியும் மதினி. நாய் என்னையப் பாத்துச்சுன்னா பஸ்ஸுக்குப் பின்னாடியே ஓடியாந்துரும். கல்யாண வீட்டுல வாளிக்கு நான் எங்க போக?"