எல்லாம் வந்து சேரும் வரை

சாளை வாங்கவா, நெத்தோலி வாங்கவா என்று ஷைஜா போனில் கேட்டாள். நெத்தோலி என்றேன். சாளை சாப்பிட்டால் எத்தனை சோப்பு போட்டாலும் விரலில் மணம் போகாது, கீபோர்டுக்கும் ஏறிவிடும். நாங்கள் கடைசியாகப் பேசியது அதுதான் என்று அவள் வீட்டாரிடம் சொன்னேன், சர்ச்சில் சொன்னேன், அடக்கத்துக்குப் பிறகு துட்டி கேட்க வந்த எல்லாரிடமும் சொன்னேன். கேட்டவர்களுக்கு அது பிடித்திருந்தது. மீனைப் பற்றிப் பேசிக்கொண்டே பிரிந்த தம்பதி என்றால் சண்டை சச்சரவு இல்லாத வீடு என்று தெரிகிறது அல்லவா.

என்னை யாரும் விசாரிக்கவில்லை. ஸ்டேஷனில் இருந்த எஸ்.ஐ., கடல் மேல் கேஸ் போட முடியாதே சார் என்று தோளைத் தொட்டு ஆறுதல் சொன்னார், டீ வாங்கித் தந்தார். நல்ல மனிதர். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கேட்காததால் எழுதுகிறேன்.

புதுக்கடைச் சந்திப்பில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் என் ஆபீஸ். இணையப் பக்கங்கள் செய்து கொடுப்பது தொழில். கல்யாண மண்டபம், பல் ஆஸ்பத்திரி, நர்சரிப் பள்ளி, ரப்பர் ஷீட் வியாபாரி என்று எல்லாருக்கும் செய்திருக்கிறேன். மற்றவர்கள் செய்த பக்கத்துக்கும் நான் செய்ததற்கும் ஒரு வித்தியாசம் உண்டு. என்னுடையது திறக்கும்போது கண்ணைச் சுளிக்க வைக்காது.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஒரு பக்கத்தைத் திறந்தால் முதலில் வருவது வெறும் எழுத்து. கறுப்பு எழுத்து, நீல அடிக்கோடு, முட்டி மோதிக்கொண்டு நிற்கும் படங்கள். அதற்குப் பிறகுதான் நிறமும் அளவும் சொல்லும் ஃபைல் வரும். அதற்கும் பிறகு ஸ்கிரிப்ட் வந்து எல்லாவற்றையும் அதனதன் இடத்தில் உட்கார வைக்கும். நடுவே ஒரு கண்சிமிட்டும் நேரம் பக்கம் அரைகுறையாக நிற்கும். மணியடித்ததும் குளியலறையிலிருந்து துவர்த்தைச் சுற்றிக்கொண்டு ஓடிவந்து கதவைத் திறக்கிறவரைப் போல. பெரும்பாலானவர்கள் அதைக் கவனிப்பதே இல்லை. எனக்கு அதைப் பார்த்தால் பல் கூசும்.

வழி சுலபம். எல்லாவற்றையும் முதலில் மறைத்துவிட வேண்டும், ஒரே வரிதான். ஸ்கிரிப்ட் முழுவதும் வந்து சேர்ந்ததும் அதுவே மறைப்பை விலக்கும். பக்கம் குளித்து, உடுத்து, பவுடர் போட்டு வெளியே வரும். இதனோடு இன்னொரு வரியும் சேர்த்து எழுதுவார்கள்: ஸ்கிரிப்ட் வராமலே போனாலும் கொஞ்ச நேரத்தில் மறைப்பை விலக்கிவிடு, உள்ளதைக் காட்டு. பாதுகாப்புக்கான வரி. நானும் எழுதிக்கொண்டிருந்தேன். சிக்னல் குறைந்த போன்களில் அந்த வரி முந்திக்கொண்டுவிடும். உடுத்து முடிப்பதற்குள் கதவு திறந்துவிடும். அதனால் எடுத்துவிட்டேன்.

கடியப்பட்டணத்துக் கடலோரச் சங்கத்துக்கு இணையப் பக்கம் செய்து கொடுத்தது அதன் பிறகு. சங்கத்தின் செயலாளர் சூசை அண்ணன், ஃபைபர் வள்ளத்தில் கடலுக்குப் போகிறவர். அதுவரை அவர்கள் மீன் ஏலக்கூடத்துப் பக்கம் ஒரு கம்பத்தில் துணி கட்டி வந்தார்கள். அலை எச்சரிக்கை வந்தால் சிவப்பு, இல்லாவிட்டால் வெள்ளை. மழையில் சிவப்பு வெளுத்துப் போய் ஒருமுறை பெரிய பெகளமாகிவிட்டது. போனிலேயே வந்தால் நல்லது என்று என்னிடம் வந்தார்கள்.

"எழுத்து தெரிஞ்சாப் போரும் மக்கா," என்றார் சூசை அண்ணன். "பூவும் கொடியும் ஒண்ணும் வேண்டாம். எங்க ஆளுவ கையில மீன் செதிலு ஒட்டிக் கெடக்கும், ஒத்த வெரலுலதான் தொறப்பாவ."

துணியின் நிறத்தையே வைத்துக்கொண்டேன். எச்சரிக்கை நாளில் பக்கம் முழுக்கச் சிவப்பு, மற்ற நாளில் வெள்ளைப் பின்னணியில் சின்னதாகக் காற்று, அலை விவரம். வாசகங்களை எழுதித் தந்தது ஷைஜா. பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சர். ஒரு சொல் கூடினால் அவளுக்குப் பொறுக்காது. 'இன்று கரையில் இறங்க வேண்டாம்' என்பது அவள் வாக்கியம். நான் 'தவிர்க்கவும்' என்று எழுதியிருந்தேன். கல்யாணப் பத்திரிகையில் மொய் தவிர்க்கவும் என்று போடுவதைப் போல இருக்கிறது என்று அடித்துவிட்டாள்.

பக்கம் எல்லாருக்கும் பிடித்தது. கம்பத்தில் துணி கட்டுவதை நிறுத்தினார்கள். சனிக்கிழமைதோறும் ஷைஜா மீன் வாங்கும் ரீத்தா அக்காவிடம் ஒருநாள், பக்கம் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். கத்தியைக் கழுவிக்கொண்டே சிரித்தார்.

"எனக்கு எங்க மக்கா வாசிக்கத் தெரியும்? தொறப்பேன். செவப்பா கெடந்தா வீட்டுக்குப் போவேன். வெள்ளையா கெடந்தா எறங்குவேன். பழைய துணியத்தான நீ போனுக்குள்ள கேத்தி வச்சிருக்க."

"கீழ எழுத்து உண்டுமே அக்கா."

"எழுத்து டீச்சருக்கு. எனக்கு துணி போரும்."

நல்ல வடிவமைப்பு என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று எனக்குப் பெருமையாக இருந்தது. ஷைஜாவுக்கு வேறொன்று தோன்றியது. மண்டைக்காடு கடற்கரைக்குப் போயிருந்தபோது மணலில் உட்கார்ந்து போனை எடுத்து அந்தப் பக்கத்தைத் திறந்தாள். அங்கே சிக்னல் வருவதும் போவதுமாக இருக்கும்.

"இஞ்ச பாருங்க. ஒண்ணும் இல்ல. வெள்ளை."

"வரும்."

"எப்பம்?"

"எல்லாம் வந்து சேந்த பெறவு."

"அதுவரைக்கும் வெள்ளையாத்தான் கெடக்குமா? ரீத்தாக்கா இதப் பாத்துட்டு எறங்கீருவாவளே."

பாதுகாப்பு வரியைப் பற்றியும் அதை ஏன் எடுத்தேன் என்பதைப் பற்றியும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள். வகுப்பில் கடைசி பெஞ்சுப் பையன் சொல்லும் காரணத்தைக் கேட்கும் முகம்.

"ராத்திரி ஆஸ்பத்திரியில டாக்டர் கைலியோட ஓடி வந்தா, போயி பேன்ட் மாட்டீட்டு வாங்கன்னு சொல்லுவியளா?"

நன்றாகச் சிரித்தேன். சரி, மாற்றிவிடுகிறேன் என்றேன். மறுநாள் ஆபீஸில் அந்த வரியைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். போனில் சிவப்பு வருவதற்கு முன் ஒரு கணம் கறுப்பு எழுத்துகள் மூலைக்கு மூலை குதித்தன. எடுத்துவிட்டேன். வீட்டுக்குப் போனதும் மாத்தியாச்சா என்று கேட்டாள். மாத்தியாச்சு என்றேன். ஒரு வீட்டில் அந்த அளவுக்குக்கூட பொய் சொல்லாமல் யாரால் இருக்க முடியும்.

இனி அந்தச் சனிக்கிழமை.

ஷார்ஜாவில் இருக்கும் கடலோரக்காரர்களின் சங்கத்திலிருந்து ஆன்ஸ்லின் என்பவர் லீவில் வந்திருந்தார். பக்கத்து ஊர்களுக்கும் இதே போலப் பக்கம் வேண்டும், செலவை அவர்கள் ஏற்பார்கள், நேரில் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று சொல்லியிருந்தார். அவருக்குக் காட்டுவதற்காகக் காலையில் ஒரு புதுமை சேர்த்தேன். பக்கம் திறக்கும்போது அடியில் ஓர் அலை மெதுவாக எழும்பித் தணியும். அழகான வேலை. ஃபைல்தான் கொஞ்சம் கனம். ஆபீஸில் ஃபைபர் லைன் இருப்பதால் தட்டியதும் வந்தது.

அன்று பக்கம் சிவப்பு. கள்ளக்கடல் எச்சரிக்கை. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: காற்று இருக்காது, மேகம் இருக்காது, வெயில் தெளிவாகக் காயும். எங்கோ தூரத்துக் கடலில் கிளம்பிய அலை சத்தமில்லாமல் வந்து கரையில் ஏறும். கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது என்பதால்தான் அதற்கு அந்தப் பெயர். அதற்காகத்தான் இந்தப் பக்கமும். எச்சரிக்கையை முந்தின சாயங்காலமே சூசை அண்ணன் பதிவு செய்துவிட்டு, காலையில் ஒரு கல்யாணத்துக்காக நாகர்கோவில் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தார். பஸ்ஸிலிருந்து கூப்பிட்டார்.

"மக்கா, பக்கம் வெள்ளையா கெடக்கு. நேத்து நான் செவப்புதான போட்டேன்?"

காரணம் எனக்கு உடனே விளங்கியது. அலை ஃபைல் அவர் போனுக்குப் போய்ச் சேரவில்லை. சேராதவரை மறைப்பு விலகாது. "இப்ப வந்துரும் அண்ணா," என்றேன்.

"ஏலக்கூடத்துல ஆளுட்ட சொல்லி மைக்குல விளிச்சுச் சொல்லச் சொல்லட்டா?"

"வேண்டாம் அண்ணா. பக்கத்துல ஒண்ணு, மைக்குல ஒண்ணுன்னா ஆளுவளுக்கு பக்கத்துமேல நம்பிக்கை போயிரும். கொஞ்சம் பொறுங்க."

"செரி மக்கா. ஒனக்குத் தெரியாததா."

நான் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. மறைக்கும் வரியை அழித்தால் போதும் என்பதும் தெரியும். உட்கார்ந்த இடத்திலிருந்து செய்யக்கூடிய வேலை. ஆனால் படியில் ஆன்ஸ்லின் ஏறி வரும் செருப்புச் சத்தம் கேட்டது. அழித்தால் அவர் கண்முன்னால் பக்கம் துவர்த்தோடு வந்து நிற்கும். அவர் பார்த்துவிட்டுப் போனதும் செய்துகொள்ளலாம் என்று முடிவு செய்தேன்.

அவர் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். திரும்பத் திரும்பத் திறந்தார். சிவப்பு முழுதாக வந்தது, அலை எழும்பியது, தணிந்தது.

"ஸ்மூத்தா இருக்கு பிரதர்," என்றார். "எங்க ஆபீஸ் சைட்டே இப்படி வராது."

கீழேயிருந்து பப்ஸ் வரவழைத்தேன். அப்போதுதான் ஷைஜா கூப்பிட்டாள். அந்த அழைப்பை இனி முழுவதும் எழுதிவிடுகிறேன்.

"சாளையா நெத்தோலியா?"

"நெத்தோலி."

"வள்ளம் இப்பத்தான் கரை பிடிக்குது. ரீத்தாக்கா தண்ணிக்கிட்ட நிக்காவ, நானும் எறங்கப் போறேன். இஞ்ச பாருங்க, உங்க பக்கத்துல எழுத்தே காணல்ல. வெள்ளையாட்டு கெடக்கு. அந்த வரிய மாத்தீட்டியள்லா? அப்பம் இது நெசமான வெள்ளைதானே?"

ஆன்ஸ்லின் என் தோளுக்குப் பின்னால் நின்றிருந்தார். என் முன்னால் திரை முழுக்கச் சிவப்பு. நடுவில் வெள்ளை எழுத்தில் அவளுடைய வாக்கியம். உன் போனுக்கு வந்து சேரவில்லை, இறங்காதே என்று சொல்லியிருக்கலாம். அந்த மனிதர் எதிரில் அதைச் சொன்னால் பக்கம் வேலை செய்யவில்லை என்று ஆகிவிடும். மாற்றவே இல்லை என்பதும் அவளுக்குத் தெரிந்துவிடும்.

"ஆமா," என்றேன்.

"எறங்கட்டா?"

"ம். எறங்கு."

வைத்துவிட்டாள். வீட்டிலா என்று ஆன்ஸ்லின் கேட்டார். மீன் வாங்கப் போயிருக்கிறாள் என்றேன். கொடுத்து வைத்தவர் என்றார். பப்ஸ் சூடாக இருந்தது.

அவர் போன பிறகு, மறைக்கும் வரியைத் தொடாமல் அலை ஃபைலை மட்டும் எடுத்துவிட்டேன். பக்கம் எல்லாருக்கும் சிவப்பாக வந்தது. அதற்குள் அலை ஏறி இறங்கியிருந்தது. ரீத்தா அக்கா வள்ளத்தின் கயிற்றைப் பிடித்துக்கொண்டார். ஷைஜா கையில் மீன் பாத்திரம் இருந்ததால் எதையும் பிடிக்கவில்லை. அலையைத் தடுக்கக் கடலுக்குள் போட்டிருக்கும் தூண்டில் வளைவுக் கல்லுக்குள்ளிருந்து அவளை எடுத்தார்கள்.

அடக்கம் முடிந்த பிறகு ரீத்தா அக்கா வீட்டுக்கு வந்தார். "வெள்ளையத்தான் மக்கா பாத்தேன்," என்று திரும்பத் திரும்பச் சொன்னார். "எனக்குக் கண்ணு மங்கீட்டு வருது. செவப்பாத்தான் கெடந்துருக்கும்." நான் கையைப் பிடித்துக்கொண்டேன். கண் டாக்டரிடம் போகச் சொன்னேன்; அவர் போகவும் செய்தார்.

சூசை அண்ணன் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். "நான் மைக்குல சொல்லச் சொல்லீருக்கணும். நீ வேண்டாம்னு சொன்னாலும் நான் சொல்லீருக்கணும். படிச்ச ஆளு நீ. உனக்கு கடலத் தெரியாது, எனக்குத் தெரியும்லா. கொன்னது நான்தான் மக்கா." அப்படிச் சொல்லாதீர்கள் அண்ணா, டவர் கோளாறுக்கு நீங்கள் என்ன செய்வீர்கள் என்றேன். நன்றாகத் தேற்றினேன் என்றுதான் நினைக்கிறேன். சங்கத்திலிருந்து விலகிவிட்டார். கடலுக்கும் இப்போது போவதில்லை என்கிறார்கள். நல்ல ஆளை இழந்துவிட்டது அந்தச் சங்கம்.

அவளை நான் நேசித்தேன். இதை எழுதுவதே அதனால்தான். அவள் சேலைகள் அலமாரியில் மடித்தபடி இருக்கின்றன. காற்றாட வெளியே எடுத்து வைத்துத் திரும்ப மடிப்பது நான்தான்.

ஷார்ஜாக்காரர்கள் வேலையை எனக்கே கொடுத்தார்கள். பக்கத்து ஊர்களும் இப்போது அந்தப் பக்கத்தைத்தான் பார்க்கின்றன. அடியில் ஷைஜாவின் பெயரை, அவளுக்குப் பிடித்த அளவில், சின்னதாகப் போட்டிருக்கிறேன். பாதுகாப்பு வரியைத் திரும்பச் சேர்க்கலாமா என்று யோசித்துப் பார்த்தேன். கரையில் புது டவர் வந்துவிட்டது, எல்லாரிடமும் நல்ல போன் இருக்கிறது. தேவைப்படவில்லை. பக்கம் அழகாக வருகிறது. வராத நேரத்தில் வெள்ளையாக இருக்கிறது.