மூன்று கேள்விகளின் மங்களேஸ்வரிக்கு

செய்திக்குச் செம்மை சேர்த்த செந்தமிழ்ச் செல்வியே! ஒஸ்லோவின் குரோருட் குளிரிலும் குன்றாத குரலே! 'வடமுனைத் தமிழ் வானொலி'யின் உலகச் செய்தி ஆசிரியராய் இருபத்தாறு ஆண்டுகள் அமர்ந்த இருக்கையிலிருந்து இன்று எழும் திருமதி மங்களேஸ்வரி தர்மலிங்கம் அவர்களே! தங்களை அன்போடும் சற்றே அச்சத்தோடும் வணங்குகிறோம். இம்மடலையும் தாங்கள் சிவப்புப் பேனாவால் திருத்தக்கூடும் அல்லவா!

அப்காசியா என்றாலும் கிரிமியா என்றாலும், எல்லைத் தகராறுள்ள மண்ணின் பெயரை வாசிக்குமுன் மூன்று கேள்விகளுக்கு விடை சொல்லவேண்டும் என்பது தாங்கள் வகுத்த விதி. மண் யார் கையில்? உரிமை கோருபவர் யார்? அங்கே வாழ்பவர் யார்? விடை தெரியாமல் ஒலிவாங்கிக்கு முன் உட்கார்ந்தவர் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும்.

இரண்டாயிரத்து இருபத்திரண்டு பெப்ரவரியை மறப்போமா! டொனெட்ஸ்க், லுஹான்ஸ்க் இரண்டையும் தனி நாடுகளென ரஷ்யா அங்கீகரித்த மாலை அது. நாடு என்ற சொல்லுக்கே நெஞ்சு விம்மும் இனமல்லவா நாம்! நிலையத்துச் சமையலறையில் கேசரியே கிண்டியாயிற்று. நாட்டின் வடகோடி ஊரான ஹம்மர்பெஸ்டிலிருந்து நேயர் பூபாலசிங்கம் நேரலையில் வந்தார்.

"ரெண்டு நாடு பிறந்திருக்கு அக்கா, ஒரு வாழ்த்துச் சொல்லுங்கோவன்!"

"அங்கையிருந்து ரஷ்யாவுக்குப் பஸ்ஸிலை ஏத்தி அனுப்பின சனத்தை ஆரும் கேட்டவையோ, தம்பி? முதல் அவையின்ரை கதையைச் சொல்லுறன்" என்றீர்கள்.

கேசரி ஆறிப்போனது. இனத்துக்கு இரண்டகம் செய்துவிட்டீர்கள் என்று நேயர்கள் கொதித்தார்கள். மன்னிப்புக் கேட்காவிட்டால் தங்கள் நிகழ்ச்சியே நிறுத்தப்படும் என்றது நிர்வாகக் குழு. தாங்கள் கேட்கவில்லை, அடுத்த செய்தியை எழுத உட்கார்ந்துவிட்டீர்கள்.

அந்த வாரம் முடியுமுன் படைகள் எல்லை கடந்து உக்ரைனுக்குள் புகுந்தன. முதலில் அழைத்தவர் அதே பூபாலசிங்கம்தான்.

"அக்கா, ரஷ்ய எல்லை எங்களுக்கும் கிட்டத்தானே. இனி நீங்கள் சொன்னால்தான் நம்புவன்."

மன்னிப்பைப் பற்றிக் குழு அதன்பின் மூச்சே விடவில்லை. தங்களால் இந்த வானொலியின் சொல்லுக்கு மதிப்பு வந்தது. அதில் எங்களுக்குப் பெருமை, பெரும் பெருமை!

அஞ்சா நெஞ்சத்து அக்கா! நோயறியா உடலும் நகை மாறா முகமுமாய், தர்மலிங்கம் அண்ணரோடு நூறாண்டு கடந்தும் நலமே வாழ்க! காலையில் வானொலியைப் போட்டு எங்கள் பிழைகளைப் பிடித்துக்கொண்டே வாழ்க!

நிறைவாக, தங்கள் விதிப்படியே தங்கள் இருக்கையைப் பற்றிய செய்தியையும் வாசித்துவிடுகிறோம். இருக்கை யார் கையில்? இன்று முதல் புதிய செய்தி ஆசிரியர் துஷாராவின் கையில். உரிமை கோருபவர் யார்? நாங்கள் அத்தனை பேரும். அங்கே வாழ்பவர் யார்? தாங்கள்தான் அக்கா, தாங்கள் மட்டுந்தான்.

என்றும் தங்கள் திருத்தத்துக்குக் காத்திருக்கும்
வடமுனைத் தமிழ் வானொலிப் பணியாளர்கள்
குரோருட், ஒஸ்லோ