கோல் காத்தவளின் அப்பா

எனக்கு நீச்சல் வராது. முழங்காலுக்கு மேலே தண்ணீர் ஏறினால் முருகனைக் கூப்பிடுகிற ஆள். மாத்தளைக் கடைத்தெருவில் மல்லி, மிளகாய் விற்கிற இந்தச் சோமசுந்தரத்துக்குத்தான் நாட்டுக்காக வாட்டர் போலோ ஆடுகிற மகள். என் மனைவி உயிரோடு இருந்திருந்தால், ஆஸ்பத்திரியில் பிள்ளை மாறிவிட்டது என்று கிண்டலடித்திருப்பாள்.

அருந்ததி கோல் காப்பவள். கால் தரையில் படாமல், இடுப்புவரை தண்ணீருக்கு மேலே எழும்பிப் பந்தைத் தடுப்பாள். ஒருமுறை கண்டிக்குப் போய் மெட்ச் பார்த்தேன். விசில் கேட்டபோதெல்லாம் கைதட்டினேன். எதிரணி கோல் போட்டதற்கும் தட்டியிருக்கிறேன்.

இரண்டாயிரத்து ஏழில் சிங்கப்பூர்ப் போட்டிக்குத் தெரிவானாள். அங்கேயே ஒரு கிளப் அவளை வைத்துக்கொள்ளக் கேட்டது.

"ரெண்டு வருஷம்னு சொல்றாங்க. பிடிச்சிருந்தா அங்கேயே இருந்துடுவேன்பா."

"அப்ப எனக்கு யாரு சோறு போடுறது?"

"கடை நெறைய சாமான் வச்சிருக்கீங்க. ஒரு ரசம் வைக்கப் பழகுங்களேன்."

நானும் சிரித்தேன். சோறு காரணமில்லை. வெறும் வீட்டில் டீவியோடு பேசுகிற கிழவனாகிவிடுவேன் என்று பயம்.

இயக்கத்துக்காகக் கடலில் குண்டோடு நீந்துகிறவர்களை ஆமி தேடிக்கொண்டிருந்த யுத்த காலம் அது. தகவல் சொல்ல ஒரு நம்பரைச் சுவரெல்லாம் ஒட்டியிருந்தார்கள். நாவுலவுக்கு வெங்காயம் எடுக்கப் போன இடத்தில், காசு கொடுத்து ஃபோன் பேசுகிற ஒரு கொமியூனிகேஷன் கடையிலிருந்து அந்த நம்பரை அழைத்தேன். எங்கள் வீடு இருக்கிற அலுவிகாரையைச் சொல்லி, அங்கே ஒரு தமிழ்ப் பெண், தண்ணீருக்கடியில் மூச்சடக்குவாள், எறிந்தால் குறி தப்பாது, அடுத்த கிழமை வெளிநாடு போகிறாள் என்றேன். ஒன்றும் பொய்யில்லை. விலை சொல்ல மட்டுமே உதவிய என் சிங்களம் அன்று தடுமாறவேயில்லை.

என்னையும் இரண்டு தடவை பிடித்திருக்கிறார்கள். பிளேன்டீ கொடுத்து, பொழுது சாய விட்டுவிட்டார்கள். அவளுக்கும் அப்படித்தான், விமானம் மட்டும் தவறும் என்று நினைத்தேன். வியாபாரி போட்ட கணக்கு. பிடித்துப் போன அவளை விட்டபோது யுத்தமே முடிந்திருந்தது. அதற்குள் நான் ரசம் வைக்கப் பழகியிருந்தேன்.

இப்போது வீட்டில்தான் இருக்கிறாள். தலையில் தண்ணீர் ஊற்ற மாட்டாள். துணியை நனைத்துத் துடைத்துக்கொள்வாள், கதவைச் சாத்தாமல். நான் வாசலில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

"யாருப்பா காட்டிக் குடுத்திருப்பாங்க?" என்று எப்போதாவது கேட்பாள்.

"யாரோ பொறாமை பிடிச்சவன்மா."

"நீங்க மட்டும் கேம்ப் வாசல்லயே கெடந்தீங்களே" என்று என் கையைப் பிடித்துக்கொள்வாள்.

பிடித்துப் போனவர்கள் மேல் எனக்குக் கோபம் கிடையாது. மகளை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். சிங்கப்பூர்க்காரன் கொடுத்திருப்பானா?