கொளுத்தாத தீக்குச்சி

சிவகாசி போகும் பேருந்தில் முன் இருக்கை அக்கா சொன்ன ஒரு வரியில்தான், ஆடுபவரே முடிவெடுக்கும் சினிமா மாதிரியான கணினி விளையாட்டு ஒன்றை நானும் எழுத வேண்டும் என்று தோன்றியது.

“தீக்குச்சி உரசச் சொன்னா நான் எப்படிலே உரசுவேன்?”

அவர் பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்ப்பவர் என்பது விரல்களில் ஒட்டியிருந்த வெள்ளி நிறப் பட்டாசு மருந்தில் தெரிந்தது. பக்கத்தில் இருந்தவன், கல்லூரியில் படிக்கும் அவர் தம்பி.

“போன ஞாயித்துக்கிழம நீ ஆடுன விளையாட்டுல அது இருட்டுப் பட்டாசுக் குடோன்க்கா. தீக்குச்சியக் கொளுத்தவா, சுவரத் தடவிப் போகவான்னு கம்ப்யூட்டர் கேக்குது. வெளிச்சம் வேணும்ல? நான் எப்பவும் கொளுத்திருவேன். குடோன் வெடிச்சு, உள்ள மாட்டுன பிள்ள செத்துரும்.”

“குடோனுக்குள்ள எவனாச்சும் தீக்குச்சி உரசுவானா, கூறுகெட்டவனே?”

“விளையாட்டுதானக்கா!”

“விளையாட்டோ நெசமோ, எனக்குக் கை வரல.”

“நல்லவேள வரல. நீ தடவிப் போனதாலதான் அவ பொழச்சா. இனி கதையே வேற. நீ நல்லா இருப்பக்கா.”

“அந்தப் பிள்ள நல்லா இருக்கட்டும்லே. அடுத்து என்ன கேக்குது?”

“அவ அப்பா இன்னும் உள்ள மாட்டியிருக்காரு. திரும்பிப் போகவா, வெளிய ஓடவான்னு கேக்குது.”

அக்காவின் முகம் மாறியது. “தீப்பிடிச்சா திரும்பிப் போகக் கூடாதுலே. கையில இருக்கறதப் போட்டுட்டு ஓடணும். கம்பெனில அப்படித்தான் சொல்லியிருக்காக.”

“தீ எங்கக்கா பிடிச்சுச்சு? நீதான் கொளுத்தலையே.”

அக்கா சிரித்துவிட்டார்.

“அப்ப வர்ற ஞாயித்துக்கிழம ஆடும்போது உள்ள போயி அவரையும் கூட்டிட்டு வந்துருவோம்லே. சுவரத் தடவிக்கிட்டே.”