நீலப் பலகையில நாலே பேரு

பாத்தீங்களா, வெளிய செவுத்துல நீல வட்டமா ஒண்ணு மாட்டிவெச்சிருக்கானுங்களே, அதத்தான் சொல்றேன் தம்பி! 'டின் பிஷப்ஸ் இசைக்குழு இந்த பப்பில் பிறந்தது, 1968.' அதுக்குக் கீழ நாலு பேரு. நாலு! பொறந்தப்ப அஞ்சு பேரு இருந்தோம். அந்த அஞ்சாவது ஆளு இதோ, உங்க புண்ணியத்துல பீர் குடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கானே, மெல்வின், இவந்தான். உங்க பனியன்லயும் அந்த நாலு மூஞ்சிதானா? போட்டுக்குங்க, போட்டுக்குங்க. நல்லாத்தான் இருக்கு.

பாதி உலகம் தொடையில தட்டுதே அந்தத் தாளம்... டும், டும்-டக்கா... அது இந்த மேஜையில நான் தட்டுனது! அப்பறம் என்னா, பன்னெண்டு ரெக்கார்டு, அமெரிக்கா, ஜப்பான், சொந்த ஏரோப்ளேன்... எல்லாம் அவனுங்களுக்கு. நமக்கு? இந்த டட்லி ஊர்ல முப்பது வருஷம் பஸ் ஓட்டுற பாக்கியம்! எனக்கப்பறம் ஆறு டிரம்மர். எல்லாம் வாடகைக்கு. பாடகன் டெரன்ஸ் இருக்கானே, மகா நடிகன். 'இதான் எங்க கடைசிக் கச்சேரி'ன்னு நாலு தடவ அழுதிருக்கான். நாலாவது தடவ இடுப்பு ஆப்பரேஷன் ஆகி ஸ்டூல்ல உக்காந்துக்கிட்டு அழுதான். நானும் டிவியில பாத்து அழுதேன்... சரி விடுங்க. என் தாளம்ல அது.

ஏன் கழட்டிவிட்டாங்கன்னா? நல்லா கேட்டீங்க. அன்னிக்கு சனிக்கெழம. பப்புல ஆளுக்கு ஒரு ரவுண்டு, மேஜையில இருக்கிற எல்லாருக்கும் பீர் வாங்கணும், அதான் வழக்கம். மொத ரவுண்டு டெரன்ஸ் வாங்குனான், அடுத்து கீத், அப்பறம் மத்த ரெண்டு பேரு. அஞ்சாவது என் முற. அந்த நேரம் பாத்து எனக்கு வயித்த வலிச்சுது. அது ஒரு குத்தமா? அந்தக் காலத்துல கக்கூஸ் பின்பக்க முற்றத்துல. முற்றத்தத் தாண்டுனா சந்து, சந்து முனையில எங்க வீடு. வீட்டுக்கே போயிட்டேன். அந்த அரமணியில லண்டன்லேர்ந்து ஒரு ரெக்கார்டு கம்பெனிக்காரன் வந்து, 'மேஜையில இருக்கிற எல்லாரும் கையெழுத்துப் போடுங்க'ன்னு ஒப்பந்தக் காகிதத்த நீட்டிட்டான். சோலி முடிஞ்சுது!

ஒரே ஒரு நாள் எந்திரிச்சுப் போனதுக்கு இப்படியா? ...சரி, ஒரு நாள் இல்ல. எல்லாச் சனிக்கெழமயும் என் முற வந்தா வலிச்சுது. வயிறு என்ன நான் சொன்னா கேக்குமா?

இந்தாங்க, டெரன்ஸ் போட்ட கடுதாசி. 'பலகையில கடைசி வரி உனக்காகக் காலியா விட்டிருக்கு. வெள்ளிக்கெழம மூணு மணிக்கு அந்தப் பழைய மேஜையில இரு. நாலு பேரும் வர்றோம். நீ எங்க கூட உக்காந்தா உன் பேரையும் எழுதிடலாம்.' அம்பத்தஞ்சு வருஷம் தம்பி! இன்னிக்கு ஆணியடிச்ச மாதிரி உக்காந்திருப்பேன். மக சட்டையெல்லாம் இஸ்திரி போட்டு அனுப்பியிருக்கா. பேரன்கிட்ட போட்டோ எடுத்துட்டு வரேன்னு சொல்லியிருக்கேன்.

ஐயோ, வந்துட்டானுங்க! டெரன்ஸ்தான், கைத்தடியோட... பாவிக்கு எவ்ளோ வயசாயிடுச்சு! கீத் என்னமோ கேட்டுச் சிரிக்கிறானே... என்னடா? 'மெல்வின், மொத ரவுண்டு உன்னுதுதானே'வா? ஹி ஹி... அதே பழைய குசும்பு...

தம்பி, இந்தத் தொப்பியக் கொஞ்சம் பாத்துக்குங்க. வயிறு ஒரு மாதிரி... இல்லல்ல, ரெண்டே நிமிஷம், வந்துடுவேன். பின்பக்கக் கதவ இன்னும் தொறந்துதான வெச்சிருக்காங்க?